ஈமப்பேழை (தொண்டை மண்டலம்)

ஈமப்பேழை என்பது இறந்தவரின் எலும்புகளையும் படையற்பொருள்களையும் வைத்துப் புதைப்பதற்காகச் சுடுமண்ணால் செய்யப்பட்ட, கால்களுள்ள பெட்டி. தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் இது தனி வகை. வட தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய ஆந்திரப் பகுதியிலும் மிகுதியாகக் கிடைக்கிறது.

பரப்பு

பேழைகள் கிடைத்த இடங்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரங்களிலிருந்து கடப்பை வரை பரவியுள்ளன. இன்றைய மாநில எல்லை இந்தப் பரப்பின் குறுக்கே செல்கிறது. எல்லையோர ஊரான பள்ளிப்பட்டே 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அவ்வூர் வழியே ஓடும் கொசஸ்தலையாற்றின் படுகையில்தான் பழைய கற்காலக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற அத்திரம்பாக்கமும், இரும்புக்காலச் சான்றுகள் வெளிப்பட்ட பட்டறைப்பெரும்புதூரும் உள்ளன. ஆகவே பேழைகளை ஒரு மாநிலத்தின் தொல்பொருளாகப் பார்க்காமல், எல்லையின் இருபுறத்தையும் சேர்த்து ஆராய்வதே முறை.

அமைப்பு

பேழை நீள்சதுரத் தொட்டி போன்றது. முனைகள் பெரும்பாலும் வளைந்திருக்கும். அடியில் வரிசையாகக் குட்டையான உருளைக் கால்கள். மேலே கவிந்த மூடி. சொரசொரப்பான களிமண்ணைக் கையால் வனைந்து சுட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கலம் சூளையில் வெடிக்காமல் வெந்து வர மண் கலவையிலும் தீயின் அளவிலும் நல்ல தேர்ச்சி வேண்டும். கடப்பை மாவட்டம் சங்கவரத்தில் கிடைத்த பேழை ஆட்டுக்கடா வடிவில் செய்யப்பட்டது.

குழி தோண்டிப் பேழையை இறக்கி, உள்ளேயும் சுற்றிலும் கறுப்பு-சிவப்பு மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் வைத்தனர். பிறகு மண்ணிட்டு மூடி, மேலே கற்குவை எழுப்பி, சுற்றிலும் பெரிய பாறைகளை வட்டமாக நட்டனர். சில இடங்களில் பலகைக் கற்களாலான அறைக்குள் பேழை இருக்கும். பல பேழைகளில் முழு உடல் இல்லை. தேர்ந்தெடுத்த சில எலும்புகளே உள்ளன. உடலை முதலில் வேறிடத்தில் கிடத்தி, பின்னர் எலும்புகளைத் திரட்டி வந்து புதைத்தார்கள் என்று இதனால் அறிகிறோம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் இறந்தோரைச் சுடுதல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல், தாழியில் கவித்தல் முதலிய ஐந்து முறைகள் சொல்லப்படுகின்றன. ஒரே சமூகத்தில் பல ஈமமுறைகள் அக்கம்பக்கமாக வழங்கியதை அகழாய்வுகளும் காட்டுகின்றன.

ஆய்வு வரலாறு

1887இல் அலெக்சாண்டர் ரீ பல்லாவரம் குன்றுப் பகுதியில் கண்டெடுத்த பேழை இந்த வகையை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தியது. பின்னர் அவர் செங்கல்பட்டுப் பகுதியின் பெரும்பேரிலும் அகழ்ந்தார். மேற்காசியாவிலும் கால்களுள்ள பேழைகள் உண்டு என்பதால் அக்காலத்து அறிஞர்கள் இரண்டையும் ஒப்பிட்டனர். ஆனால் வடிவ ஒற்றுமை மட்டும் மக்கள் குடிபெயர்ந்ததற்குச் சான்றாகாது.

1949இல் வி. டி. கிருஷ்ணசாமி தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களை வகைப்படுத்தி, ஆய்வாளர்களுக்குப் பொதுவான கலைச்சொற்களை அளித்தார். இந்தியத் தொல்லியல் துறைக்காக என். ஆர். பானர்ஜியும் கே. வி. சௌந்தரராஜனும் சானூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தனர். பானர்ஜி 1955இல் அமிர்தமங்கலத்தில் தாழிகளை ஆராய்ந்தார். குன்னத்தூரில் 1950களின் நடுவில் கிருஷ்ணசாமி நடத்திய அகழாய்வு ஈமக்காட்டோடு வாழ்விடத்தையும் சேர்த்துப் பார்த்தது.

கல்வட்டத்தை அகழ்வதற்கென ஒரு முறை உண்டு. வட்டத்தை நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகளை முதலில் தோண்டுவார்கள். நடுவே விட்டுவைக்கும் மண்சுவரில் குழி, நிரப்புமண், கற்குவை ஆகியவை எந்த வரிசையில் அமைந்தன என்பது தெளிவாகத் தெரியும்.

காலம்

பெருங்கற்சின்னங்கள் எல்லாம் புதிய கற்காலத்தவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறைக்கு அது பொருந்தும்; ஏறத்தாழ கி.மு. 3200இல் கட்டப்பட்ட அதைக் கட்டியோர் உலோகத்தை அறியாதவர்கள். தென்னிந்தியாவின் நிலை வேறு. கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947இல் மார்ட்டிமர் வீலர், கற்கோடரிப் பண்பாட்டுக்குப் பின்னரே பெருங்கற்காலப் பண்பாடு வருவதை மண்ணடுக்கில் காட்டினார். 1960களில் எஸ். ஆர். ராவ் அகழ்ந்த பையம்பள்ளியிலும் புதிய கற்கால அடுக்குக்கு மேலேயே இரும்புக்கால அடுக்கு இருந்தது. ஆக, ஈமப்பேழை இரும்புக்கால மக்களின் படைப்பு.

அந்த இரும்புக்காலம் எப்போது தொடங்கியது என்பதுதான் இன்று விவாதிக்கப்படுகிறது. முன்பு கி.மு. முதலாயிரம் ஆண்டை ஒட்டியே பேசப்பட்டு வந்தது. 2022இல் மயிலாடும்பாறையின் இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, சிவகளையின் இரும்பைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதி வரை கொண்டு சென்றது. அதே அறிக்கையில், திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் ஒரு பேழைப் புதைப்பிலிருந்து எடுத்த கரி கி.மு. 1692 எனக் கணிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் காலம் கணிக்கப்பட்ட ஈமப்பேழைகளில் இதுவே மிகப் பழமையானது. ஒரே இடத்தின் ஒரு மாதிரியை வைத்து எல்லாப் பேழைகளுக்கும் இக்காலத்தைச் சூட்ட முடியாது. பிற இடங்களிலிருந்தும் கணிப்புகள் வந்தால்தான் முறையான கால வரிசை உருவாகும்.

பாதுகாப்பு

கற்குவாரி, மனைப்பிரிவு, ஏரிமண் எடுத்தல் ஆகியவை கல்வட்டங்களை அழித்து வருகின்றன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பல ஈமக்காடுகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தாலும், பட்டியலில் சேராத இடங்களுக்கு அந்தக் காவல் இல்லை. பேழை உடைந்தால் ஒட்டிவிடலாம். எந்த எலும்பு எந்தக் கலத்தின் அருகே இருந்தது என்ற செய்தி கலைந்துவிட்டால் அதை மீட்க வழியே இல்லை. எனவே உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பேழை தென்பட்டால், எதையும் எடுக்காமல் வேலையை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும்.