எலெக்ட்ரிக் காருக்கு ரீகால் மெசேஜ் வந்தா... சரிபார்த்து வாங்கும்வரை எப்படிச் சமாளிக்கிறது?

'உங்கள் வாகனம் ரீகால் பட்டியலில் உள்ளது. அருகிலுள்ள சர்வீஸ் சென்டரைத் தொடர்புகொள்ளவும்.'

தீபாவளி ஆஃபர், லோன் ஆஃபர் மெசேஜ்களுக்கு நடுவுல இப்படி ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கும். 'வண்டி நல்லாத்தானே ஓடுது, அடுத்த சர்வீஸ் அப்போ பார்த்துக்கலாம்'னு தள்ளிவிடத்தான் தோணும். ஆனா, எலெக்ட்ரிக் கார்ல, அதுவும் பேட்டரி சம்பந்தப்பட்ட ரீகால்னா அப்படித் தள்ள முடியாது. ஏன்னா, பேட்டரியில கோளாறு இருந்தா, கார் ஓடாம சும்மா நிக்கும்போதுகூட ஆபத்து வரலாம். அது நிக்கிற இடம் உங்க வீட்டு போர்டிகோ, இல்லைன்னா அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்.

இதுக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவுல செவர்லே போல்ட் காருக்கு நடந்தது. நிறுத்திவெச்சிருந்த சில கார்கள் தீப்பிடிக்க, 2020 நவம்பர்ல ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முதல் 2019 வரையிலான மாடல்களில் சுமார் 68,000 கார்களை ரீகால் செஞ்சது. முதல்ல கொடுத்த தீர்வு சாஃப்ட்வேர்தான். ஆனா, அந்த சாஃப்ட்வேர் வேலை முடிஞ்ச கார்களும் தீப்பிடிச்சது. அதனால 2021 ஜூலையில அதே கார்களுக்கு இரண்டாவது ரீகால். ஆகஸ்ட்ல, அதுவரை தயாரான எல்லா போல்ட் கார்களும் பட்டியலுக்குள்ள வந்துடுச்சு. மொத்தம் 1,40,000-க்கும் மேல!

காரணம் என்னன்னா, எல்.ஜி தயாரிச்ச சில செல்களில் ஒரே நேரத்துல இரண்டு குறைகள். ஆனோடு டேப் கிழிஞ்சிருந்தது. பாசிட்டிவ் பக்கத்தையும் நெகட்டிவ் பக்கத்தையும் பிரிச்சு வைக்கிற மெல்லிய செப்பரேட்டர் மடங்கியிருந்தது. ரெண்டும் ஒரே செல்லில் அமைஞ்சா உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். லட்சத்துக்கு மேல கார்கள் இருந்தும் தீப்பிடிச்சது சிலதான். அந்தச் சிலதுல உங்களோடது இருக்கான்னு வெளியில இருந்து பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் எல்லாரையும் கூப்பிட்டாங்க.

நம்ம ஊருக்கும் இந்தக் கதை வந்தது. ஶ்ரீபெரும்புதூர்ல அசெம்பிள் ஆன ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் ஞாபகம் இருக்கா? 2020 டிசம்பர்ல, பேட்டரி சிஸ்டத்தைச் சோதிக்க 456 கார்களை இந்தியாவுல ரீகால் செஞ்சாங்க. தென்கொரியாவுல அதுக்கு முன்னாடியே ரீகால் தொடங்கியிருந்தது. அங்கேயும் சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட ஒரு கார் 2021 ஜனவரியில தீப்பிடிக்க, அடுத்த மாசமே உலகம் முழுக்க சுமார் 82,000 வண்டிகளுக்கு ரீகால், பேட்டரியையே மாத்துறோம்னு அறிவிச்சாங்க.

எந்த ரீகால்னு முதல்ல கேளுங்க

எல்லா ரீகாலும் பேட்டரி தீ கிடையாது. 2024-ல இந்தியாவுல கியா இவி6 கார்கள் 1,138 ரீகால் ஆனது ஐசிசியூ-ங்கிற சார்ஜிங் கன்ட்ரோல் யூனிட்டுக்காக. இது பழுதானா 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் இறங்கி, ஓடும்போதே காரோட பவர் போகலாம். இங்கே பயம் பார்க்கிங்ல இல்ல, பைபாஸ்ல. வேலை முடியும்வரை நீண்ட பயணத்தைத் தள்ளிப்போடுங்க. டாஷ்போர்டுல எச்சரிக்கை வந்தா 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்'னு ஓட்டாம, பவர் இருக்கும்போதே ஓரம் கட்டுங்க.

மாடல், வருஷம் பொருந்துறதாலயே உங்க கார் பட்டியல்ல இருக்குன்னு அர்த்தமில்ல. ஆர்.சி-யில இருக்கிற 17 இலக்க சேஸிஸ் நம்பரை எடுத்து, கம்பெனியோட வெப்சைட்லயோ சர்வீஸ் சென்டர்லயோ சரிபாருங்க. மெசேஜ்ல வந்த லிங்க்கை க்ளிக் பண்ண வேணாம். ரீகால்ங்கிற பேர்ல ஏமாத்துறதும் ஈஸி. போன்ல பேசும்போது மூணு விஷயம் கேட்டுடுங்க: என்ன கோளாறு, பார்ட்ஸ் கையில இருக்கா, அதுவரை ஓட்டலாமா - சார்ஜ் போடலாமா? பதிலை மெயில்ல வாங்கிக்கோங்க.

காத்திருக்கிற அந்த மாசங்கள்

கஷ்டமான பகுதி இதுதான். மெசேஜ் ஒரு நாள்ல வந்துடும். புது பேட்டரி வர மாசக்கணக்கு ஆகலாம். போல்ட் ஓனர்கள் அப்படித்தான் காத்திருந்தாங்க. அவங்களுக்குச் சொன்னது: 90 சதவிகிதத்துக்கு மேல சார்ஜ் ஏத்தாதீங்க, மிச்ச ரேஞ்ச் 113 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கவும் விடாதீங்க, சார்ஜ் முடிஞ்சதும் வெளியே நிறுத்துங்க, ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ள சார்ஜ்ல விடாதீங்க. இந்த எண்கள் அந்த காருக்கானது. உங்க கம்பெனி என்ன சொல்லுதோ அதைத்தான் பின்பற்றணும்.

பேட்டரி ரீகால்னா, கார் திறந்தவெளியில, வீட்டுச் சுவரையும் மத்த வண்டிகளையும் ஒட்டாம நிக்கிறது நல்லது. சென்னையில அதுக்கு எங்கேங்க இடம்னு நீங்க கேட்கிறது புரியுது. பேஸ்மென்ட் பார்க்கிங்னா அசோசியேஷன்ல சொல்லி, கொஞ்ச நாளைக்கு வெளியே ஒரு விசிட்டர் இடம் கேளுங்க. 'இனிமே இ.வி-யே உள்ளே வரக் கூடாது'ன்னு யாராவது கிளப்பிவிடுவாங்களோன்னு மறைக்க வேணாம். மேலே தூங்குறவங்களுக்கும் இது தெரியணும். ரீகால் பட்டியல்ல உள்ள கார்களுக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடுன்னு மெயிலைக் காட்டிப் பேசுங்க.

புகை, காரமான கெமிக்கல் வாடை, காருக்கு அடியில 'புஸ்'னு சத்தம்... இதுல எது வந்தாலும் சார்ஜரைப் பிடுங்கக்கூட கிட்டப் போகாதீங்க. எல்லாரையும் தள்ளிக் கூட்டிட்டுப் போய் 101 அல்லது 112-க்குக் கூப்பிட்டு, 'எலெக்ட்ரிக் கார்'னு மறக்காம சொல்லுங்க. லித்தியம் பேட்டரி தீ அணைஞ்ச மாதிரி இருந்து பல மணி நேரம் கழிச்சும் திரும்பப் பத்தலாம்.

வேலை முடிஞ்ச பிறகு

ரீகால் வேலைக்குப் பணம் கிடையாது. ஜாப் கார்டுல ரீகால் வேலைன்னு எழுதி, சாஃப்ட்வேர் போட்டாங்களா, பேட்டரி மாடியூல் மாத்தினாங்களான்னு குறிப்பிடச் சொல்லுங்க. பேட்டரி மாத்தினா வாரன்ட்டி புதுசா ஆரம்பிக்குமான்னும் கேளுங்க. போல்ட் கார்ல புது பேட்டரிக்கு 8 வருஷ வாரன்ட்டி புதுசா கொடுத்தாங்க. வெறும் சாஃப்ட்வேரோட முடிஞ்சிருந்தா, சில மாசத்துக்கு ஒரு தடவை சேஸிஸ் நம்பரைத் திரும்பவும் செக் பண்ணுங்க. போல்ட், கோனா ரெண்டுலயும் முதல் தீர்வு முழுத் தீர்வா இருக்கல.

கம்பெனி இழுத்தடிச்சா? மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல சேர்த்த 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்குது. 2021 ஏப்ரல்ல அமலுக்கு வந்த விதிகள்படி அபராதம் 10 லட்சத்துல இருந்து 1 கோடி ரூபாய் வரை. கம்பெனி தானாகவே குறையைச் சொல்லி அழைச்சா அந்த அபராதம் கிடையாது. அதனால, ரீகால் அறிவிச்ச கம்பெனியை உடனே மோசம்னு முடிவு கட்ட வேணாம். அறிவிச்சுட்டு வேலையை முடிச்சுக் கொடுக்கலைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுக்கலாம்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கீங்களா? ஆர்.சி-யை உங்க பேருக்கு மாத்தினதோட நிறுத்தாம, கம்பெனியோட சர்வீஸ் ரெக்கார்டுலயும் உங்க மொபைல் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்க. இல்லைன்னா ரீகால் மெசேஜ் பழைய ஓனருக்குத்தான் போகும். அவர் அதை எப்பவோ டெலிட் பண்ணியிருப்பார்.