தேசவழமை: மொழிபெயர்ப்பைக் கடந்து நிற்கும் சொற்கள்

ஒரு சமுதாயத்தின் வழக்கம் ஏட்டில் ஏறும்போது, அதனை எழுதியவர் யார், எம்மொழியில் எழுதினார் என்னும் வினாக்களை நாம் முதலில் எழுப்புதல் வேண்டும். ஐரோப்பாவின் திருச்சபைச் சட்டத் தொகுப்புகளை ஆய்வோர் இவ்வினாக்களிலிருந்தே தொடங்குகின்றனர். கி.பி. 500ஐ ஒட்டி உரோமையில் வாழ்ந்த தியோனீசியு என்னும் துறவி, கிரேக்க மொழியிலிருந்த சங்க விதிகளை இலத்தீனில் பெயர்த்துத் தொகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மற்றொரு தொகுப்பிலோ, உண்மையான திருமுகங்களோடு போலித் திருமுகங்களும் கலந்திருந்தன. சுவடிகளை ஒப்புநோக்கிய பிறகே அறிஞர் அவற்றைப் பிரித்தறிந்தனர்.

தமிழருக்கும் இத்தகைய தொகுப்பு ஒன்றுண்டு. அதுவே யாழ்ப்பாணத்துத் தேசவழமை. பினாங்கிலும் மலாயாவின் பிற ஊர்களிலும் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத்தார் பலரின் குடும்பச் சொத்துரிமை அதனோடு தொடர்புடையது. ஆதலின், இந்நூலின் வரலாறு நமக்கு அயலான செய்தியன்று.

ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி இவ்வழக்கங்களைத் திரட்டி, 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்த மொழியில் எழுதி முடித்தார். பின்னர் அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வலிமை அளித்தது. ஆங்கிலப் பெயர்ப்பே நீதிமன்றங்களில் வழங்கலாயிற்று. தமிழர் வாய்மொழியாகப் பேணிய வழக்கம் இவ்வாறு பிறமொழிகளின் வழியே அவர்களிடமே சட்டமாகத் திரும்பி வந்தது.

எனினும், மூன்று சொற்கள் பெயர்ப்புக்கு உட்படாமல் நின்றன. அவை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன. முதுசம் என்பது முன்னோர்வழிச் சொத்து. சீதனம் மணமகளுக்கு அளிக்கப்படுவது. தேடியதேட்டம் என்பது மணவாழ்க்கையின்போது ஈட்டிய பொருள். ‘தேடு’ என்னும் வினைக்கு ‘ஈட்டு’ என்னும் பொருளும் உண்டென அறிந்தோர்க்கு இச்சொல் தானே விளங்கும். வேற்றெழுத்தில் உருத்திரிந்து எழுதப்பட்டபோதிலும், மூல வழக்கிற்கு இச்சொற்களே நேர்ச்சான்றாகின்றன.

ஆயினும், சொல் பழையதாக இருப்பதனாலேயே விதியும் பழையதெனக் கொள்ளலாகாது. போர்த்துக்கேயர் காலத்தில் சீதன வழக்கம் மாறியதைத் தேசவழமையே குறிப்பிடுகின்றது. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் உள்ளன. ஆனால் தொகுப்பைச் சரிபார்த்தவர் முதலியார் பதவியிலிருந்த ஆடவரே. பெண்டிரும் அடிமைகளும் அவ்வழக்கத்தை எவ்வாறு கண்டனர் என்பதை அந்நூல் வழியே அறிய நமக்கு வாய்ப்பில்லை. இதன் விளைவு சிறிதன்று. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும் என்னும் விதி, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டத்திலும் தொடர்ந்தது.

எனவே, மாணவர்க்கு இத்தகைய நூலைக் கற்பிக்கும்போது, ‘இது நம் முன்னோர் வழக்கம்’ என்று கூறி அமைதல் போதாது. எக்காலத்து வழக்கம், எவர் கூற எவர் எழுதியது, எம்மொழிகளைக் கடந்து வந்தது என்பவற்றையும் உடன் கற்பித்தல் வேண்டும். சுவடியியலும் மொழியியலும் நமக்குத் தரும் பயன் இதுவே.