பெயரே பழியான வரலாறு

எமது பள்ளிக்கூடங்களிலே பாடம் ஒப்புவிக்கத் தவறிய மாணவனை "மொக்கன்" என்றும் "விசரன்" என்றும், ஆசிரியர் ஆங்கிலம் கற்றவராயின் "இடியட்" என்றும் ஏசக் கேளாத காது இல்லை. ஏசியவர் சிறு கோபமென்று அதனை மறந்துவிடுவார். ஆனால், அறிவு வளர்ச்சியில் இடர்ப்பாடுடைய பிள்ளையொன்று வாழும் வீட்டிலே அச்சொல் எவ்வாறு ஒலிக்கும் என்பதை எம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தகைய சொற்கள் எங்கிருந்து வந்தன, என்ன செய்தன என்பதை ஆராய்வது இளைஞராகிய எமக்குப் பயன் தரும். ஆங்கிலச் சொற்களின் வரலாறு இதற்கு மிகவும் ஏற்றது. அவற்றின் பிறப்பும் வளர்ப்பும் சட்டப் புத்தகங்களிலும் வைத்திய நூல்களிலும் ஆண்டு தவறாது பதிவாகியுள்ளன.

"இடியட்" என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். பொதுக் காரியங்களிற் சேராது தன்பாட்டில் வாழும் மனிதன் என்பதே அதன் பழைய பொருள். "இம்பெசில்" என்னும் இலத்தீன் வழிச் சொல் வலிமையற்றவனைக் குறித்தது. இவ்விரண்டையும் வைத்தியர்களும் சட்ட அறிஞர்களும் நோயின் பெயர்போல வழங்கினர். 1886 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்றின் பெயரே "இடியட்டுகள் சட்டம்" என்பதாம். 1913 இல் வந்த சட்டமோ தன்னை ஆபத்திலிருந்து காத்துக்கொள்ள இயலாதவரை "இடியட்" என்றும், தம் கருமங்களைத் தாமே கவனிக்க இயலாதவரை "இம்பெசில்" என்றும் வகுத்தது. அச்சட்டம் 1959 வரை நிலைத்திருந்தது.

1905 இல் பிரான்சு தேசத்து அறிஞர் அல்பிரெட் பினே, பள்ளியில் தனி உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியும் நோக்கத்துடன் அறிவுச் சோதனையொன்றை அமைத்தார். அமெரிக்கரான ஹென்றி கொடாட் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து, மனிதரைத் தரம் பிரிக்கப் பயன்படுத்தினார். மந்தம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து "மோரன்" என்னும் புதுப்பெயரை 1910 இல் உண்டாக்கியவரும் அவரே. உதவி செய்யப் பிறந்த அளவுகோல் ஒதுக்கிவைக்கும் கோலாயிற்று.

சொல்தானே, அதனால் என்ன தீங்கு என்று கேட்பாருக்கு விடை வேர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. கரி பக் என்னும் ஏழைப்பெண் "அறிவு குன்றியவள்" எனப் பெயரிடப்பட்டு அரசாங்க விடுதியொன்றில் அடைக்கப்பட்டாள். அவள் இனிப் பிள்ளை பெறாதபடி சத்திரசிகிச்சை செய்யலாமா என்னும் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1927 இல் எட்டு நீதியரசர் ஆமென்றனர்; ஒருவரே மறுத்தார். தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறைக்கும் "இம்பெசில்" என்ற பெயரைச் சூட்டி, இது போதும் என எழுதினார் நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ். அந்தப் பேர்த்தி அப்போது சிறு குழந்தை. பின்னர் அவள் பள்ளிக்கூடத்திற் சேர்ந்து, திறமையான மாணவர் பட்டியலிலும் இடம்பெற்றாள். எட்டு வயதில் இறந்துபோனாள். இத்தகைய சட்டங்களினால் அமெரிக்காவில் 60,000 க்கு மேற்பட்டோர் பிள்ளைப்பேற்றை இழந்தனர். 2002 இல் வேர்ஜீனியாவின் ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். கரி பக் அதற்கு முன்னரே, 1983 இல், மறைந்துவிட்டாள்.

ஜேர்மனியில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1920 இல் சட்ட அறிஞர் ஒருவரும் மனநோய் வைத்தியர் ஒருவரும் சேர்ந்தெழுதிய நூலொன்று, "வாழத் தகுதியற்ற உயிர்" என்னும் சொற்றொடரைப் பரப்பியது. இருபது ஆண்டு செல்லுமுன் அது செயலாயிற்று. 1940, 1941 ஆம் ஆண்டுகளில் மனநோயாளரும் அறிவு வளர்ச்சியில் இடர்ப்பாடுடையோருமாக 70,000 பேர் நச்சுவாயுவினாற் கொல்லப்பட்டனர். முதலிற் பெயர் வந்தது. பின்னர் கொலை வந்தது.

போரின் பின் உலகம் மெல்ல விழித்தது. 1866 இல் லங்டன் டவுண் என்னும் ஆங்கில வைத்தியர் ஒருவகைக் குழந்தைகளை, முகச்சாயலை வைத்து "மங்கோலியர்" என வகுத்திருந்தார். அந்நிலைக்குக் காரணம் மிகுதியான ஒரு குரோமோசோமே என 1959 இல் வெளியானது. 1961 இல் அறிஞர் பத்தொன்பதின்மர் பழைய பெயரைக் கைவிடுமாறு "லான்செற்" என்னும் வைத்திய சஞ்சிகையில் எழுதினர். மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகளும் கேட்டுக்கொள்ளவே, 1965 இல் உலக சுகாதார தாபனம் அதனைக் கைவிட்டது.

ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. "இடியட்", "மோரன்" என்பன வசைச்சொற்களாகவே, அவற்றினும் மென்மையானதென்று கருதி, வளர்ச்சி தாமதித்தது எனப் பொருள்படும் "மென்டல் ரிடார்டேசன்" என்னும் பெயரைப் புகுத்தினர். அதுவும் "ரிடார்ட்" எனக் குறுகி, பிள்ளைகள் ஒருவரையொருவர் இகழும் சொல்லாயிற்று. 1876 இல் தொடங்கிய அமெரிக்க வைத்தியர் சங்கமொன்று இக்காரணத்தால் தன் பெயரையே பலமுறை மாற்றிக்கொண்டது. கடைசி மாற்றம் 2007 இல் நிகழ்ந்தது.

அப்படியாயின் பெயரை மாற்றுவது வீண்வேலையா? பெரியோர் சிலர் இவ்வாறு கேட்பதுண்டு, கேள்வி நியாயமானதே. முந்திய பெயர்களையெல்லாம் இட்டவர் பிறர். பின்னைய மாற்றத்தை வேண்டி எழுந்தவர்களோ, அப்பெயரைச் சுமந்தவர்களும் அவர்தம் உடன்பிறந்தாருமே. 1974 இல் ஒறிகன் மாநிலத்தில் அறிவுசார் இயலாமையுடையோர் தாமே மகாநாடு கூட்டினர். தம்மை முதலில் மனிதராக அறிய வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட வரம். 2009 இல் கல்லூரி மாணவர் இருவர் அந்த இகழ்ச்சிச் சொல்லை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். மேரிலாந்து மாநிலத்தில் றோசா என்னும் சிறுமியின் தமையன், மக்களை எப்படி அழைக்கிறோமோ அப்படியே நடத்துகிறோம் எனச் சட்டசபை முன் வாதாடினான். அச்சிறுமியின் பெயரால் அமைந்த சட்டத்தில் 2010 ஒக்டோபரில் சனாதிபதி ஒபாமா ஒப்பமிட்டார். பழைய பெயர் கூட்டாட்சி அரசின் சுகாதார, கல்வி, தொழிற் சட்டங்களினின்று நீங்கி, "அறிவுசார் இயலாமை" என்பது அதனிடத்தில் ஏறியது. 2016 இல் இந்தியாவின் புதிய சட்டமும் அவ்வாறே செய்தது.

எமது நாட்டிலே இயலாமையுடையோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996 இல் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்திக்கொண்டது. ஆனால் சட்டம் கச்சேரி வாசல்வரையே வரும். படலைக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நுழைய வேண்டியது எமது நாக்கு. புதிய பெயரையும் இகழ்ச்சியோடு சொன்னால், அதுவும் நாளை பழிச்சொல்லாகும் என்பதை மேலே கண்டோம். ஆகவே மாற வேண்டியது சொல்லும், சொல்லுவோர் நெஞ்சும்.

இளைஞர்களே, இதற்குப் பெருந்தொண்டு எதுவும் வேண்டுவதில்லை. விளையாட்டில் தோற்ற தோழனை அவ்வாறு ஏசாதிருங்கள். அயல் வீட்டுப் பிள்ளையைக் குறையின் பெயரால் அல்ல, அதன் தாய் தந்தையர் இட்ட பெயரால் அழையுங்கள். பெரியோர்களே, திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் அப்பிள்ளைக்கும் ஓர் இடம் விட்டு இருங்கள். தீப்புண்ணையும் நாவின் வடுவையும் நிறுத்துப் பார்த்த வள்ளுவர் வழிவந்தோர் நாம். பிறந்தபோது பிள்ளைக்கு ஆசையோடு ஒரு பெயர் வைத்தார்கள். அதற்குமேல் வேறொரு பெயர் அதற்கு வேண்டாம்.