தன்னுணர்வை அறிதலும் ஒற்றை மதிப்பெண்ணும்

பாஸ்டன் நகரில் உளமருத்துவராக இருந்த பீட்டர் சிஃப்னியோஸ் 1970களின் தொடக்கத்தில் ஒருவகை நோயாளிகளைப் பற்றி எழுதினார். தம் உடல் உபாதைகளையும் நடந்த நிகழ்ச்சிகளையும் அவர்கள் நுணுக்கமாக விவரிப்பார்கள். அப்போது மனம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் திகைப்பார்கள். இந்நிலைக்கு அவர் இட்ட பெயர் அலெக்சிதைமியா. இது தனியொரு நோயன்று. மனிதரிடையே கூடியும் குறைந்தும் காணப்படும் இயல்பு என்றே இன்று கருதப்படுகிறது. அந்த இயல்பை ஒற்றை அளவுகோலில் நிறுத்தி ஒற்றை எண்ணாகச் சொல்லும் வழக்கம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த எண்ணைத் தருவது பெரும்பாலும் டொரொண்டோ அலெக்சிதைமியா அளவுகோல். பேக்பி, பார்க்கர், டெய்லர் ஆகியோர் 1994இல் வெளியிட்ட அதன் வடிவத்தில் 20 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஏழு கூற்றுகள் உணர்வை இனங்காண்பதில் உள்ள சிரமத்தையும், ஐந்து அதைப் பிறரிடம் சொல்வதில் உள்ள சிரமத்தையும் கேட்கின்றன. எஞ்சிய எட்டும் வேறு வகை: ஒருவருடைய சிந்தனை உள்முகமாகச் செல்கிறதா, புறநிகழ்வுகளிலேயே நிற்கிறதா என்று பார்ப்பவை. மொத்தம் 61 அல்லது அதற்கு மேல் வந்தால் அலெக்சிதைமியா உண்டு என்பது வழக்கமான வரையறை.

இந்தக் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்கவேண்டும். முதல் இரு பகுதிகளின் 12 கூற்றுகளுக்கும் தனக்குச் சிரமம் இல்லை என்னும் பொருள்பட, தலா 2 மதிப்பெண் பெறும் விடையை ஒருவர் தருகிறார் என்று கொள்வோம். அது 24. மூன்றாம் பகுதியில் அவர் 40க்கு 37 பெற்றால் மொத்தம் 61 ஆகிவிடும். தன் உணர்வு தனக்குத் தெரிகிறது, சொல்லவும் முடிகிறது என்று ஒவ்வொரு கேள்விக்கும் விடையளித்த மனிதர் உணர்வறியாதவர் பட்டியலில் சேர்கிறார். இத்தகையோர் எத்தனை பேர் என்பதல்ல என் கேள்வி. இப்படி ஒருவரைச் சேர்க்க இடம்தரும் வரையறை எதை அளக்கிறது என்பதுதான்.

மூன்றாம் பகுதி அளப்பது குறைபாட்டையா, வளர்ப்பையா? கனடாவில் ஐரோப்பிய வழியினரும் சீன வழியினருமான மாணவர்களை ஒப்பிட்டு டெரே, ஃபால்க், ரைடர் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. புறநோக்குச் சிந்தனையில் இரு குழுக்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாட்டை அவர்களுடைய பண்பாட்டு மதிப்புகளே பெரிதும் விளக்கின. தன் மனத்தைத் துருவிப் பார்ப்பதைச் சிறப்பென்று போற்றும் சூழலில் வளர்ந்தவர் அதைச் செய்கிறார். உறவும் கடமையும் முதன்மையாக உள்ள இடத்தில் வளர்ந்தவர் அதற்கு அவ்வளவு இடம் தருவதில்லை. பின்னவருக்கு உணர்வு தெரியாது என்று எப்படிச் சொல்வது? லாரன்ஸ் கிர்மேயர் இதையொத்த எச்சரிக்கையை 1987லேயே விடுத்திருந்தார். துக்கத்தை ‘நெஞ்சை அடைக்கிறது’ என்று மருத்துவரிடம் சொல்லும் நம்மூர்ப் பெண், தன் நிலையைத் துல்லியமாகவே சொல்கிறார்.

கேட்டறிவதை விட்டு உடலையே சோதிக்கலாமே என்று தோன்றும். நாடியைத் தொடாமல் இதயத்துடிப்பை மனத்துக்குள் எண்ணச் சொல்லும் சோதனையை ஷான்ட்ரி 1981இல் அறிமுகப்படுத்தினார். ஆனால் தன் துடிப்பு வழக்கமாக நிமிடத்துக்கு எத்தனை என்று தெரிந்தவர் எதையும் உணராமலே சரியாகச் சொல்லிவிடலாம். சாரா கார்ஃபிங்கலும் உடன் ஆய்ந்தோரும் 2015இல் காட்டியது இன்னும் ஆழமானது: உடலை உணரும் துல்லியம் வேறு, தான் நன்றாக உணர்கிறோம் என்னும் நம்பிக்கை வேறு, அந்த நம்பிக்கை துல்லியத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது வேறு. வினாப்படிவத்துக்கு எட்டுவது நடுவில் உள்ளது மட்டுமே. தன்னை அறியாதவரிடம் தன்னைப் பற்றியே கேட்கும் முறையின் அடிப்படை இடர் இதில் இருக்கிறது.

இந்த வேறுபாடுகள் ஏட்டோடு நிற்பவை அல்ல. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் வலி புரியாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது; அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அந்தச் சொல்லைச் சுமந்தார்கள். ஜெஃப் பேர்டு, ஊட்டா ஃப்ரித், தானியா சிங்கர் முதலியோர் 2010இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், நெருங்கியவர் வலியில் இருக்கும்போது இன்சுலா பகுதியில் எழும் செயற்பாட்டின் அளவு ஆட்டிசத்தோடு அன்றி அலெக்சிதைமியாவோடு தொடர்புற்றிருந்தது. முகபாவங்களை இனங்காணும் திறனைச் சோதித்த 2013ஆம் ஆண்டு ஆய்வும் அதே திசையில் சென்றது. கின்னெயர்டும் உடன் ஆய்ந்தோரும் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கும் மற்றவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கும் அலெக்சிதைமியா காணப்பட்டது. மறுபாதிப்பேரிடம் அது இல்லை. அவர்கள்மீதும் சேர்த்துச் சுமத்தப்பட்ட பழி அநீதியானது.

இந்த முடிவுகளுக்கும் அதே டொரொண்டோ அளவுகோல்தானே ஆதாரம் என்று எதிர்வாதம் எழலாம். நியாயமான எதிர்வாதம். எனவே அளவுகோலைத் தூக்கியெறியவேண்டும் என்பதில்லை. மூன்று பகுதிகளையும் தனித்தனியே வெளியிடவேண்டும், மருத்துவர் நேரில் உரையாடி மதிப்பிடும் 24 கேள்விகள் கொண்ட டொரொண்டோ நேர்காணல் முறையையும் உடன் பயன்படுத்தவேண்டும். பகுதிகளைக் கலந்துவிட்டால் உதவியும் தடம் மாறும். படபடப்பு அச்சத்தால் வந்ததா, பசியால் வந்ததா என்று பிரித்தறிய முடியாதவருக்கு அதைப் பயிற்றுவிக்கலாம். அறிந்ததைச் சொல்லத் தயங்குபவருக்கு வேண்டியது நம்பிக்கையோடு கேட்க ஒருவர். தன் மனத்தை அடிக்கடி எட்டிப்பார்க்க விரும்பாதவருக்கு, அவர் வேறெதனாலும் துன்புறாதவரை, சிகிச்சையே தேவையில்லை.