நிறுக்கப்படாதவன்

கொடைக்கானலின் பனிக்கால இரவுகளில் நான் செய்துவந்த ஒரு காரியத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பெருத்த உடல் கொண்டவர்களைக் கூட்டிவந்து, பயிற்சி என்ற பேரில் வதைத்து, வாராவாரம் மேடையேற்றி எடைபோடும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பகுதி பகுதியாகப் பார்த்துத் தீர்த்தேன். ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்று பெயர். 2004இல் தொடங்கியது. 2007இல் இந்தியிலும் அதற்கு ஒரு வடிவம் வந்தது. கம்பளிக்குள் சுருண்டு, வறுத்த கடலையைக் கொறித்தபடிதான் பார்த்தேன். பிடிக்காமல் பார்த்தேன் என்றால் அது பொய். ருசித்துப் பார்த்தேன். அந்த ருசி எதனால் ஆனது என்பதே இங்கே என் விசாரணை.

குரூரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் வியர்வையும் அழுகையும் என்னைச் சீக்கிரமே சலிப்படையச் செய்தன. நான் காத்திருந்தது எடைமேடைக்காக. எண்கள் ஓடும், நிற்கப்போவதுபோல் பாவனை காட்டும், மறுபடி ஓடும். ஒரு மனிதனின் வாரம் முழுவதும் ஓர் எண்ணாகச் சுருங்கும் அந்தக் கணம்தான் எனக்கு வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்த எண் நிலைக்காது என்பது எனக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டுத் தொடரில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அவர்களில் 13 பேர் மீண்டும் எடை கூடியிருந்தார்கள். ஓய்வு நிலையில் அவர்கள் உடல் செலவழிக்கும் சக்தி, இருக்கவேண்டிய அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே போயிருந்தது. உடல் தன்னைப் பட்டினி போட்டவர்களை மறக்கவில்லை. இதை அறிந்தபின்னும் என் ருசி குறையவில்லை. ஆகவே, அவர்கள் மெலிய வேண்டும் என்று நான் பார்க்கவில்லை. வேறொருவன் நிறுக்கப்படுகிறான், நான் நிறுக்கப்படவில்லை. என் சுகம் இவ்வளவுதான் என்று படுகிறது.

பலர் முன்னிலையில் உடலை நிறுப்பது நமக்குப் புதிதல்ல. ராஜராஜன் தன் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் திருவிசலூர்க் கோயிலில் துலாபாரம் புகுந்தான். கும்பகோணம் மகாமகக் குளக்கரை மண்டபம் ஒன்றில் துலாபாரக் காட்சி சிற்பமாகவே நிற்கிறது. இன்றும் கோயில்களில் நேர்ந்துகொண்டவர்கள் குழந்தையின் எடைக்கு வெல்லமோ பழமோ கொடுக்கிறார்கள். அங்கே எடை பாவமல்ல. கனத்த உடல் கூடுதலாகக் கொடுக்கும். அரசனின் துலாபாரம் அதிகாரத்தின் ஆடம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எதிர்த்தட்டில் ஏறியது கொடுப்பதற்கான பொருள்.

இந்த அர்த்தம் தலைகீழானதை தாது வருஷப் பஞ்சத்தில் பார்க்கிறோம். 1877இல் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று முடிவுகட்டினார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், ஒன்றரை ராத்தலாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஓர் உடல் விழாமல் வேலைசெய்யும் என்பது கணக்காயிற்று. அதே பஞ்சத்தில்தான் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமான மனிதர்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்துப் படமெடுத்தார். படமெடுத்தவர் அவர்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்று அன்றைய பத்திரிகைகளே அவரைச் சாடின. 1886இல் மண்டலேயில், கைதிகள் சுடப்படும் கணத்தைப் பிடிக்கக் காமிராவோடு காத்திருந்ததற்காக அவர்மீது விசாரணையும் நடந்தது. பார்க்கிறவனுக்குப் பார்க்கப்படுகிறவனிடம் எந்தக் கடனும் இல்லை என்ற பார்வை அங்கே பூரணமாக உருவாகிவிட்டது. நான் கடலை கொறித்துக்கொண்டு பார்த்ததும் ஹூப்பரின் காமிரா வழியாகத்தான்.

காஃப்கா இதைக் கண்டவன். 1922இல் வெளிவந்த அவனுடைய பட்டினிக் கலைஞன் கதையில், உண்ணாதிருக்கும் காட்சிக்கு முதலாளி 40 நாள் எல்லை வைக்கிறான். காரணம் கலைஞனின் உடல்நிலை அல்ல. அதற்குமேல் ஊர்க்காரர்களின் சுவாரஸ்யம் தாங்காது.

கொடைக்கானலில் இருந்துகொண்டு அந்தப் பஞ்சத்தை மறப்பது கடினம். இங்கே 1899இல் தோன்றிய சூரிய ஆய்வகத்துக்கு அதுவும் ஒரு தூண்டுதல். பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய விரும்பினார்கள். 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நகர்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அந்த விஞ்ஞானத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தானிய ஏற்றுமதியைத் தடைசெய்ய மறுத்த ஓர் அரசு, பிறகு காரணத்தைச் சூரியனில் தேடியதில் ஒரு சூசகம் இருக்கிறது. தூரத்தில் இருப்பதைப் பார்ப்பவன் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதே மலையின் மறுபக்கம், பெருமாள்மலை வழியாக 64 கிலோமீட்டர் இறங்கினால் பழனி. தைப்பூசத்துக்கு விரதமிருந்து மெலிந்தவர்கள், நத்தம் திண்டுக்கல் வழியாக நடந்துவரும் நகரத்தார் காவடிகள், அலகு குத்திய கன்னங்கள் எல்லாம் அங்கே உண்டு. அதுவும் காட்சிதான். கூட்டம் வாய்பிளந்து பார்க்கிறது, இப்போது கைபேசியில் படமும் எடுக்கிறது. பக்தியைப் புனிதமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பார்க்கிறவன் அங்கே சும்மா நிற்க முடியாது. நீர்மோர் கொடுக்கிறான், கொப்புளம் வெடித்த காலுக்கு எண்ணெய் தடவுகிறான், தன்னைவிடச் சிறியவனின் காலில் விழுகிறான். எல்லாவற்றையும் துறந்து கோவணத்தோடு நிற்கும் ஆண்டியின் சந்நிதியிலிருந்து பட்டினி கிடந்தவன் கொண்டுபோவது பஞ்சாமிர்தம். இந்த மலைச்சரிவில் விளையும் விருப்பாச்சிப் பழமும் நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் தேனும் சேர்ந்தது. விரதம் இருக்காத பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அதில் ஒரு கரண்டி உண்டு.

என் வெட்கத்துக்குக் காரணம் நான் பார்த்தேன் என்பதல்ல. மனிதன் பார்க்கத்தான் செய்வான். வாங்கிக்கொள்ளவும் கொடுக்கவும் வழியற்ற இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்பதுதான். துலாபாரத் தராசுக்கு இரண்டு தட்டுகள். தொலைக்காட்சியின் எடைமேடைக்கு ஒன்றே ஒன்று. அந்த இன்னொரு தட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில்தான் என் நாற்காலி கிடக்கிறது.