முதல் வரியில் நிற்பவர் யார்?



நாம் யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ, அந்த அய்யா ஆம்பூரில் ஒரு டேனரியின் சுண்ணாம்புத் தொட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்று வேலை செய்தவர். பட்டா கேட்டும், சுடுகாட்டுப் பாதை கேட்டும், கூலி பாக்கி கேட்டும் நம் பகுதியிலிருந்து போன மனுக்களில் பாதி அவர் கையெழுத்தில் போனவை. அவருக்கு ஒரு நாவல் எழுத ஆசை இருந்தது என்பது சிலருக்குத்தான் தெரியும். அவர் மறைந்தபின் வீட்டார் எங்களிடம் கொடுத்த நோட்டில் முதல் அத்தியாயம் மட்டும் ஏழு முறை எழுதப்பட்டிருக்கிறது. ஏழுக்கும் முதல் வரி வேறு.

காரணம் எங்களுக்குத் தெரியும். ஒருமுறை அந்த அத்தியாயத்தை ஒரு பதிப்பகத்துக்கு எடுத்துப் போனார். நாவல், விடியற்காலையில் ஒருவன் சதை சீவும் கத்தியைத் தீட்டுவதில் தொடங்கியது. படித்துப் பார்த்தவர், "இப்படித் தொடங்கினால் யார் படிப்பார்கள்? பின்னால் வருகிறதே, தொட்டியில் இரண்டு பேர் விஷவாயுவில் சாவது, அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். வாசகன் ஆடிப்போவான்" என்றாராம். அய்யா திரும்பி வந்து எங்களிடம் சொன்னது இது: "சாவ மொதல்ல வெச்சிட்டா, அவன் எப்படிப் பொழச்சான்னு எவன்டா கேப்பான்?"

அந்தக் கேள்விதான் இன்றைய உரை. வாசகரை இழுத்துப் பிடிக்கும் முதல் வரியை எப்படி எழுதுவது என்பதை ஒரு கைத்திறனாகவே சொல்லித் தருகிறார்கள். நமக்கு அது வரலாறும் கூட. தமிழ் நாவலின் முதல் வரியில் யார் நின்றார்கள், யார் நிற்க முடியவில்லை, நாம் வந்தபோது எங்கே நிற்கச் சொன்னார்கள் என்று பார்த்தால் இது விளங்கும்.

1879இலிருந்து தொடங்குவோம்

தமிழின் முதல் நாவல் என்று பாடப்புத்தகம் சொல்லும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதியது. அதன் முதல் வாக்கியத்தைத் திருப்பிப் பாருங்கள். இங்கிலீஷ்காரர் ஆட்சி வந்து சில காலம் கழித்து, சத்தியபுரி என்னும் ஊரில், தொண்டை மண்டல முதலியார் குலத்தில் தான் பிறந்ததைக் கதாநாயகன் சொல்லித் தொடங்குகிறான். காலம், ஊர், சாதி, அதன்பின் 'நான்'. தமிழ் நாவலின் முதல் 'நான்' தன் சாதியின் தோளில் ஏறித்தான் வருகிறது.

வேதநாயகம் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. பெண் கல்விக்காக அந்தக் காலத்திலேயே எழுதியவர் அவர். நாம் கவனிக்க வேண்டியது அந்த வரியின் நிம்மதியை. குலத்தைச் சொன்னால் வாசகர் முகம் சுளிப்பாரோ என்ற கவலை அதில் துளியும் இல்லை. சொன்னால் மரியாதை கூடும் என்று அதற்குத் தெரியும். அதே தொண்டை மண்டலத்தில், இதே பாலாற்றங்கரையில், ஒரு பறையர் வீட்டுப் பிள்ளை அதே வாக்கியத்தைத் தன் குலப்பெயர் போட்டு எழுதியிருந்தால், அந்தப் புத்தகத்தை எந்தத் திண்ணையில் வைத்துப் படித்திருப்பார்கள்?

அடுத்து ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. சிறுகுளம் என்ற கிராமத்தில், நடுத்தெருவில் உள்ள பெரிய வீட்டில் கதை திறக்கிறது. ஊரின் நடுவில் நின்றுகொண்டு கதை சொல்வது தமிழ் நாவலுக்கு இப்படித்தான் பழக்கமானது. அந்த நடுத்தெருவில் நம் பாட்டன்மார் செருப்புக் காலோடு நடக்க முடியாது.

அதே 1893இல் சென்னையில் இன்னொரு அச்சுக்கூடத்தில் என்ன நடந்தது? இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். தெருவில் வசையாகப் புழங்கிய சொல்லை இதழின் தலையில் பெரிய எழுத்தில் அச்சடித்து விற்றார். நம் எழுத்துக்கு ஒரு முதல் வரி தேடினால் எங்களுக்கு அந்த ஒற்றைச் சொல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவர் எழுதிய 'இந்திரர் தேச சரித்திரம்' இந்தியா என்ற பெயரையே புத்தரின் பெயர்களில் ஒன்றான இந்திரரிலிருந்து வந்ததாகச் சொல்லித் தன் வரலாற்றைக் கட்டுகிறது. அவருடைய சொல்லாராய்ச்சியில் நமக்கு மாறுபாடு இருக்கலாம். அவர் செய்த காரியம் பெரியது. இழிவிலிருந்து நம் வரலாற்றைத் தொடங்க அவர் மறுத்தார். நம்மைப் பூர்வ பௌத்தர் என்று அழைத்து, இழிவு எப்போது, யாரால் வந்தது என்று பின்னால் கேட்டார். தொடக்கத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் மீதிக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை நாவலாசிரியர்களுக்கு முன்பே அறிந்தவர் பண்டிதர்.

முதல் பக்கத்து நாற்றம்

1935இல் முல்க் ராஜ் ஆனந்தின் ஆங்கில நாவல் 'அன்டச்சபிள்' வெளிவந்தது. நம்மைப் பற்றி உலகம் படித்த நாவல். நகரத்தின் நிழலிலும் கண்டோன்மென்ட்டின் நிழலிலும், ஆனால் இரண்டுக்கும் வெளியே, இரண்டு வரிசையாக நெருக்கிக்கொண்டு நிற்கும் மண்சுவர் வீடுகளில் அது தொடங்குகிறது. உடனே ஓடை வருகிறது. ஓடைக்கரையில் காயும் தோல்களின் வாடை வருகிறது. மனிதன் அதற்குப் பிறகு வருகிறான்.

ஆனந்த் நமக்கு வேண்டியவர். கோபத்தோடும் அன்போடும்தான் எழுதினார். ஆனால் அவர் அந்தக் குடியிருப்புக்கு வெளியிலிருந்து உள்ளே நடந்து வந்தவர். வெளியிலிருந்து வருகிறவரின் மூக்குக்குத்தான் முதலில் வாடை தட்டும். தோல் பதனிடும் ஊரில் பிறந்த நமக்கு அது தனியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் நகர்ந்து உட்காரும்போதுதான் நம்மிடம் ஏதோ வாடை இருக்கிறது என்று முதல்முறையாகத் தெரியவரும். ஆக, வாடை நம் கதையில் கட்டாயம் உண்டு. ஆனால் அது நடுவில் வரும் ஒரு சம்பவம். அதை முதல் வரியில் வைத்தால் நாம் பக்கத்துப் பையனின் மூக்கைக் கடன் வாங்கி எழுதுகிறோம் என்று பொருள்.

ஆனந்த் எழுதிய அதே காலத்தில், 1935-36 அளவில், பாபாசாகேப் அம்பேத்கர் தன் நினைவுகளைச் சில பக்கங்களில் எழுதினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் படிப்பது அதைத்தான். தீண்டாமை இருப்பது வெளிநாட்டாருக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் வாழாததால் அதன் கொடுமை உறைக்காது என்று தொடங்குகிறார். பொதுவாக விவரிப்பதா, நடந்த நிகழ்ச்சிகளைச் சொல்வதா என்று தனக்குத்தானே கேட்டு, நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கிறார். எப்படித் தொடங்குவது என்ற சிக்கலையே தொடக்கமாக வைத்த எழுத்து அது.

முதல் நிகழ்ச்சி 1901இல் நடக்கிறது. சத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கச் சிறுவர்கள் ரயிலில் கிளம்புகிறார்கள். புதுச் சட்டை, மினுக்கும் குல்லா, பட்டுக்கரை வேட்டி, முதல் ரயில் பயணத்தின் குதூகலம். இவ்வளவும் நம் மனதில் பதிந்த பிறகுதான் மசூர் ஸ்டேஷன் வருகிறது. 'மகார்' என்ற பதிலைக் கேட்டு ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. பட்டுக்கரை வேட்டியை முதலில் பார்த்ததால்தான் அந்த முகமாற்றம் நம் நெஞ்சில் அடிக்கிறது. அய்யா கேட்ட கேள்விக்குப் பாபாசாகேப் எழுதி வைத்த பதில் இது.

தமிழில் பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தது. தோல் தொழிலாளி அழகிரியை அது நாவலின் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தது. முதல் தமிழ் நாவலுக்கும் இதற்கும் இடையில் சரியாக நூறு ஆண்டுகள். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் இலக்கியம் என்ற பெயரோடு நாம் எழுந்தபோது, 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. பலர் நாவலாகவும் படித்த தன்வரலாறு. அது அடிதடியில் தொடங்கவில்லை, அழுகையில் தொடங்கவில்லை. தங்கள் ஊர் மிக அழகான ஊர் என்று சொல்லித் தொடங்குகிறது. சேரியிலிருந்து வந்த ஒரு பெண் ஊரை 'எங்கள் ஊர்' என்கிறார், அழகு என்கிறார். யாருடைய ஊர் அது என்று நூற்றாண்டாக நடக்கும் வழக்கு அந்த எளிய சொல்லில் இருக்கிறது. தெருத்தெருவாகச் சாதி பிரிந்து கிடப்பது பின்னால் வரும்போது, அந்த அழகு நம்மைச் சுடுகிறது.

நம் மண்டலத்தின் கதை எங்கே தொடங்கும்?

இனி நம் ஊருக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம். இந்தத் தோல் மண்டலத்தைப் பற்றி இதுவரை அதிகம் பேர் படித்த பக்கங்கள் நாவலில் இல்லை, ஒரு தீர்ப்பில் இருக்கின்றன. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிப்பது. சுத்திகரிக்காத கழிவுநீரில் அது தொடங்குகிறது. பாலாறு வருகிறது, பாழான 35,000 ஹெக்டேர் விளைநிலம் வருகிறது. வழக்கு அதைப் பற்றியது என்பதால் அது முறைதான். ஆனால் அந்த நீரில் முழங்கால் வரை நின்றவர் அந்தப் பக்கங்களின் வாசலில் இல்லை.

2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மறுநாள் செய்தியின் முதல் வரியில் எண் இருந்தது. செய்திக்கு எண் வேண்டும். நாவலும் அந்த எண்ணில் தொடங்கினால் நாவல் எதற்கு?

சரி, வேறு எங்கே தொடங்கலாம்? நாம் உட்கார்ந்திருக்கும் அமிர்தியைப் பாருங்கள். வேலூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது அருவியும் உயிரியல் பூங்காவும் உள்ள விடுமுறை இடம். ஆனால் குரோம் வருவதற்கு முன் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் தோல் பதமானது. கடுக்காய் இந்த ஜவ்வாது மலையில் விளைவது, மலையாளிப் பழங்குடியினர் பொறுக்கித் தலைச்சுமையாக இறக்கியது. ஆகவே தோலின் கதை மலையில், கடுக்காய் உதிரும் சத்தத்திலும் தொடங்கலாம். கீழே தொட்டியில் நிற்பவரையும் மேலே பொறுக்குபவரையும் ஒரே கதைக்குள் கொண்டுவரும் தொடக்கம் அது. பேரணாம்பட்டு அழகிய பெரியவன் நம் பக்கத்து மண்ணை எழுதியிருக்கிறார். திண்டுக்கல் டேனரிகளை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதி, 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். நம் மண்டலத்துக்கு இன்னும் பல நாவல்கள் பாக்கி இருக்கின்றன.

கடைசி பஸ்

சென்ற ஆண்டு இதே அமிர்தியில் மாணவர்களோடு இரண்டு நாள் எழுத்துப் பயிலரங்கு நடத்தினோம். நம் பகுதியைப் பற்றிய நாவலுக்கு முதல் வரி எழுதச் சொன்னோம். பாதிக்கு மேல் நாற்றத்தில் தொடங்கின. சில சாவில், சில வசைச்சொல்லில். எழுதியவர்கள் எல்லோரும் நம் பிள்ளைகள். நம்மைப் பற்றி அவர்கள் படித்தவை அவர்கள் கையைப் பிடித்து எழுத வைத்திருந்தன.

ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "சம்பள நாளன்று மட்டும் அம்மா கடைசி பஸ்ஸில் வருவாள்."

அறை அமைதியாகிவிட்டது. ஏன் என்று ஒருவன் கேட்டான். அவள் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர். குழுக் கடன் வசூலிப்பவர் சம்பள நாளில் பஸ் நிறுத்தத்தில் நிற்பார். அவர் போன பிறகு வந்தால், பணம் ஒரு ராத்திரியாவது வீட்டில் இருக்கும்.

அந்த வரியில் சாதி என்ற சொல் இல்லை, இரத்தம் இல்லை. ஆனால் வாசகர் கேள்வி கேட்டுவிட்டார். பதில் தெரிந்தவள் நம் பெண். படிக்கிறவர் யாராக இருந்தாலும் அவள் பக்கத்தில் போய் நின்றுதான் அடுத்த வரியைக் கேட்க வேண்டும். இழுத்துப் பிடிப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதிர்ச்சி வாசகரைத் தூரத்தில் நிறுத்திப் பார்க்க வைக்கும். அவர் இரக்கப்படுவார், பிறகு பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்.

மாணவர்களுக்கு எங்களிடம் விதி ஏதும் இல்லை. முதல் வரியை எழுதியபின் மூன்று கேள்வி கேளுங்கள். இது யார் கண்ணில் பட்டது? இதைச் சொல்ல எனக்கு யார் அனுமதி வேண்டியிருந்தது? இதில் வரும் மனிதர் ஏதாவது செய்கிறாரா, அல்லது அவருக்கு ஏதோ நடக்க மட்டும் செய்கிறதா? கொடுமையை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் அது துரோகம். அதற்கு முன்னால் ஒரு பட்டுக்கரை வேட்டியை எழுதுங்கள் என்கிறோம்.

அய்யாவின் நோட்டுக்கு வருகிறோம். இரண்டாவது முதல் ஆறாவது வரை சாவில் தொடங்குகின்றன. சொன்னதைக் கேட்டு முயன்றிருக்கிறார். ஏழாவது மறுபடியும் கத்தி தீட்டுவதற்கே திரும்பியிருக்கிறது. அதில் கூடுதலாக ஒரு விவரம் இருக்கிறது: தீட்டுபவன் தூங்கும் மகள் எழுந்துவிடாமல் இருக்கக் கல்லைத் துணியில் சுற்றிப் பிடித்திருக்கிறான். அதற்கு மேல் அய்யா எழுதவில்லை.

அந்த அத்தியாயத்தை இந்த ஆண்டு மன்றம் தனிப் பிரசுரமாக அச்சிடும், கத்தியிலேயே தொடங்கும்படி, ஒரு சொல்லும் மாற்றாமல். எட்டாவது முதல் வரியை நீங்கள் எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அதைப் படிப்போம்.

ஜெய்பீம்.