டிராக்டர் லோடர் முதன்முறையா ஓட்டப் போறீங்களா? பக்கெட்டைத் தூக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கோடை வந்துவிட்டால் ஏரியில் வண்டல் அள்ளுவது, தொழு உரம் ஏற்றுவது, களத்து மேட்டை நிரவுவது என லோடர் வேலைகள் வரிசை கட்டும். ஒவ்வொரு முறையும் மண் அள்ளும் எந்திரத்தை மணிக்கணக்கு வாடகைக்கு அழைக்க முடியாது என்பதால், சொந்த டிராக்டரின் முன்பக்கத்திலேயே லோடரைப் பொருத்திக்கொள்ளும் விவசாயிகள் உண்டு.

'இருபது வருஷமா டிராக்டர் ஓட்டுறோம், இதுல என்ன இருக்கு?' என்ற நினைப்பில்தான் சிக்கல் தொடங்குகிறது. உழவுக்கு ஓட்டும் டிராக்டரும், முன்னால் அரை டன் மண்ணைத் தூக்கி நிற்கும் டிராக்டரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதே ஸ்டீயரிங், அதே பிரேக்தான். ஆனால் எடை இடம் மாறிவிடுகிறது. அந்த ஒரு மாற்றம்தான் டிராக்டர் கவிழ்வதற்கும், ஓட்டுநரும் பக்கத்தில் நிற்பவரும் அடிபடுவதற்கும் முக்கியக் காரணம். எளிமையாகப் பார்க்கலாம்.

லோடர் போட்டதும் டிராக்டரில் என்ன மாறுகிறது?

டிராக்டரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்கள் மேல் இருக்கும். இழுவை அங்கிருந்துதான் வருகிறது. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான்.

பக்கெட்டில் சுமை ஏறியதும் முன் ஆக்சில் ஏற்றப்பலகையின் நடுக்கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. முன்னால் இறங்கினால் பின்னால் தூக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2 மீட்டர். பக்கெட், முன் ஆக்சிலிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால். அதில் 500 கிலோ மண். இப்போது பின்சக்கரங்கள் மேல் இருந்த எடையில் 375 கிலோ குறைந்துவிடும். முன் ஆக்சில் மேல் கூடுவது 500 கிலோ அல்ல, 875 கிலோ!

பின்சக்கரம் லேசானால் என்ன ஆகும்? இறக்கத்தில் பிரேக்கை மிதித்தாலும் சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் வழுக்கும். ஸ்டீயரிங் கனக்கும். முன் டயரும் ஆக்சிலும் சீக்கிரம் தேயும். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வண்டி ஓட்டுநர் கையில் இல்லை.

பின்னால் எடை கட்டாமல் ஓட்டலாமா?

கூடாது. லோடர் வேலைக்கு முதல் பாதுகாப்பே பின்பக்க எதிர் எடைதான். அதற்கென்று செய்த எடைப் பெட்டியை மாட்டலாம். இல்லையென்றால் ரோட்டவேட்டர் போன்ற கனமான கருவியைப் பின்பக்க மூன்று இணைப்பில் மாட்டி, தரையில் இடிக்காத உயரத்தில் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன அதே டிராக்டரில், பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 400 கிலோ தொங்கவிட்டால் பின்சக்கரங்களுக்கு 600 கிலோ அழுத்தம் கூடும். முன் ஆக்சில் பாரத்தில் 200 கிலோ குறையும். பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும், சக்கரத்தில் வெயிட் பிளேட் மாட்டுவதும் உதவும். ஆனால் அவை பின்சக்கரத்துக்குப் பிடிமானம் தருமே தவிர, முன் ஆக்சிலின் பாரத்தைக் குறைக்காது. உழவுக்காக முன் பம்பரில் மாட்டிய வெயிட்டுகள் இருந்தால், லோடர் வேலைக்கு முன் கழற்றிவிட வேண்டும்.

எவ்வளவு எடை வேண்டும் என்பது லோடர் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். லோடர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையும் அதில்தான் இருக்கும். 'தூக்குது, அதனால ஏத்தலாம்' என்பது ஆபத்தான கணக்கு. ஹைட்ராலிக் தூக்கும் எடையை டிராக்டர் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஒரு பக்கெட் மண் எத்தனை கிலோ?

ஒரே பக்கெட்தான், ஆனால் உள்ளே இருப்பதைப் பொறுத்து எடை எக்கச்சக்கமாக மாறும். காய்ந்த மணல் ஒரு கன மீட்டர் சுமார் 1,600 கிலோ. அதுவே ஈரமாக இருந்தால் 1,900 கிலோவைத் தொடும். 0.3 கன மீட்டர் கொள்ளும் பக்கெட்டில் காய்ந்த மணல் 480 கிலோ என்றால், ஈர மணல் 570 கிலோ. குவித்து அள்ளினால் இன்னும் கூடும்.

நேற்று காய்ந்த எருவை முழு பக்கெட் தூக்கியது என்பதற்காக, இன்று மழையில் நனைந்த மண்ணையும் முழு பக்கெட் அள்ளக் கூடாது. புதிதாகப் பழகுபவர்கள் அரை பக்கெட்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இன்னொன்று, லோடர் தோண்டும் எந்திரம் கிடையாது. இறுகிய வண்டலை வேகமாக வந்து முட்டிப் பெயர்க்கப் பார்த்தால் லோடர் கை வளையும், ஆக்சில் அடிவாங்கும். முதலில் கலப்பை ஓட்டி மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிட்டு, பிறகு அள்ள வேண்டும்.

சாவி போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

* ஹைட்ராலிக் ஆயில் அளவு, முன் டயர் காற்று, லோடர் சட்டத்தின் போல்ட்டுகள், பின்கள், அவற்றின் லாக். எல்லாம் ஐந்து நிமிட வேலை.

* ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாக அழுத்தத்தோடு வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்கும் நிலை வரலாம். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும். ஆயில் உள்ளே ஏறிவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

* இடது, வலது பிரேக் பெடல்களை லாக் போட்டு ஒன்றாக இணைக்க வேண்டும். உழவில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்தது அப்படியே இருந்தால், அவசரத்தில் ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்து வண்டி சுழலும்.

* பி.டி.ஓ. தேவையில்லை என்றால் அணைத்துவிட வேண்டும். வழக்கமான 540 சுற்று வேகத்தில் அந்தத் தண்டு நொடிக்கு 9 முறை சுற்றும். துண்டோ லுங்கியோ சிக்கினால் இழுத்து எடுக்க நேரம் இருக்காது.

* கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பொருத்திய டிராக்டர் என்றால், சட்டத்தை நிமிர்த்தி சீட் பெல்ட் போட வேண்டும். அந்தச் சட்டம் இல்லாத டிராக்டரில் பெல்ட் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பாதுகாப்பு. புதிய டிராக்டர்களில் இந்தச் சட்டத்தை ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கிவிட்டது.

அள்ளுவது, தூக்குவது, கொட்டுவது எப்படி?

ஒற்றை லிவர் கொண்ட லோடர்களில் பொதுவாகப் பின்னால் இழுத்தால் கை மேலே போகும், முன்னால் தள்ளினால் இறங்கும். இடப்பக்கம் தள்ளினால் பக்கெட் உள்பக்கம் மடியும், வலப்பக்கம் தள்ளினால் கொட்டும். சிலவற்றில் இரண்டு தனித்தனி லிவர் இருக்கும். எது எதற்கு என்பதை காலி பக்கெட்டில் பழகி, கை தானாகப் போகும் வரை சுமை ஏற்றக் கூடாது.

வரிசை இதுதான்:

1. குறைந்த கியரில், பக்கெட்டின் அடிப்பாகம் தரைக்குச் சமமாக இருக்க, குவியலுக்கு நேராகப் போக வேண்டும். ஓரத்தில் சாய்வாக நுழைந்தால் பக்கெட்டின் ஒரு மூலையில் மட்டும் பாரம் விழும்.

2. பக்கெட் நிறைந்ததும் உள்பக்கம் மடக்கி, லேசாகத் தூக்கி, நேராகப் பின்னால் வர வேண்டும்.

3. வெளியே வந்ததும் பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இறக்கிவிட வேண்டும். நகர்வது, திரும்புவது எல்லாம் இந்த உயரத்தில்தான்.

4. டிப்பர் அருகே நேராக வந்து நின்ற பிறகே மேலே தூக்க வேண்டும். மெதுவாகக் கொட்டி, நேராகப் பின்வாங்கி, இறக்கிய பிறகே திரும்ப வேண்டும்.

பக்கெட்டைத் தூக்கியபடி திரும்புவது ஏன் ஆபத்து? டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி அமைந்தது. அதனால் நான்கு சக்கரம் இருந்தாலும், ஓரளவு சாயும் வரை டிராக்டர் நிற்பது இரண்டு பின்சக்கரம், முன்னால் ஒரு பின் என்ற முக்கோணத்தில். சுமை உயரப் போகப் போக, சின்ன சாய்விலேயே எடை அந்த முக்கோணத்தைத் தாண்டிவிடும். ஒரு பக்கச் சக்கரம் வரப்பில் ஏறினாலே போதும். வேகமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் திரும்பியதை 10 கி.மீ. வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டில் தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

உருண்டையான பொருட்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மரக்கட்டை, டிரம், உருளை வைக்கோல் கட்டு போன்றவற்றை மண் பக்கெட்டில் வைத்து உயரத் தூக்கினால், அவை லோடர் கை வழியாகப் பின்னால் உருண்டு நேராக ஓட்டுநர் மேலேயே விழலாம். இவற்றுக்குத் தனிப் பிடிகருவி வேண்டும்.

சரிவு, கிணறு, ஏரிக்கரை அருகே என்ன செய்வது?

சுமை இருக்கும் பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். அதாவது, சுமையோடு ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். சரிவின் குறுக்கே போகவே கூடாது. நியூட்ரலிலோ கிளட்சை மிதித்தோ இறக்கத்தில் விடுவதும் கூடாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள டிராக்டராக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் முன்சக்கரமும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும்.

கிணறு, குழி, வாய்க்கால் ஓரத்தில் ஓர் எளிய அளவு உண்டு: பள்ளம் எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடி தள்ளியே சக்கரம் நிற்க வேண்டும். மழைக்குப் பிறகு இன்னும் தள்ளி நிற்பது நல்லது.

வண்டி சாய ஆரம்பித்தது போலத் தோன்றினால் முதல் வேலை, பக்கெட்டை உடனே தரைக்கு இறக்குவதுதான். பாதுகாப்புச் சட்டமும் பெல்ட்டும் இருந்தால் குதிக்காமல் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து உட்கார வேண்டும். குதித்தவர் மேலேயே டிராக்டர் விழும் ஆபத்து அதிகம்.

தலைக்கு மேல் மின்கம்பி இருந்தால்?

வயல்வெளியில் 11,000 வோல்ட் வரையிலான மின்கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மின்சார விதி. ஆனால் கோடை வெயிலில் கம்பி தொய்யும், கம்பமும் சாய்ந்திருக்கலாம். லோடர் கை 3 மீட்டர் தூக்கும் என்றால், பக்கெட்டின் மேல் விளிம்பு அதைவிட உயரே போகும். மண்மேட்டின் மீது ஏறி நின்று தூக்கினால் கம்பிக்கும் பக்கெட்டுக்கும் இடைவெளியே இருக்காது. கம்பிக்குக் கீழே கொட்டும் வேலையே வைத்துக்கொள்ளாமல், டிப்பரை வேறு இடத்தில் நிறுத்துவதுதான் வழி.

கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கக் கூடாது. பக்கெட்டை விலக்க முடிந்தால் விலக்கலாம். முடியாவிட்டால் யாரும் கிட்டே வராதபடி சத்தம் போட்டு எச்சரித்து, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ஐ அழைத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், டிராக்டரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைச் சேர்த்தபடியே சிறிது சிறிதாகத் தத்தி விலக வேண்டும். எட்டு வைத்து ஓடினால் இரு கால்களுக்கும் இடையே மின்சாரம் பாயும்.

பக்கத்தில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டியது

தூக்கிய லோடர் கையைத் தாங்கி நிற்பது ஆயில் அழுத்தம் மட்டும்தான். ஹோஸ் ஒன்று வெடித்தால் மொத்தமும் கீழே வந்துவிடும். அதனால் கீழே குனிந்து எதையும் எடுப்பதோ, கிரீஸ் வைப்பதோ கூடாது. ரிப்பேர் பார்ப்பதாக இருந்தால் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட வேண்டும். கை தூக்கியே இருக்க வேண்டிய வேலை என்றால் அதற்கான இரும்பு முட்டு கொடுக்க வேண்டும்.

மட்கார்டில் ஆளை உட்கார வைப்பதும், பிள்ளைகளை பக்கெட்டில் ஏற்றி ஊர்வலம் போவதும் கிராமங்களில் சாதாரணமாகப் பார்க்கும் காட்சி. தேங்காய் பறிக்க, பல்பு மாட்ட பக்கெட்டில் ஆளை நிறுத்தித் தூக்குவதும் நடக்கிறது. லிவரில் கை லேசாக இடறினால் பக்கெட் கவிழும், பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. லோடர் ஆள் தூக்கும் கருவி கிடையாது.

நிறைந்த பக்கெட் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். எனவே சைகை காட்ட ஒரே ஒருவர் இருக்க வேண்டும். அவர் கண்ணில் படாவிட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

முதல் நாள் எப்படிப் பழகலாம்?

ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமான களம் போதும். முதல் ஓரிரு மணி நேரம் காலி பக்கெட்டில் தூக்கி இறக்கிப் பழகுவது, ஒரு அடி உயரத்தில் வைத்துத் திரும்புவது, தரையில் போட்ட கோட்டில் பக்கெட் விளிம்பைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவது. அடுத்து அரை பக்கெட் காய்ந்த மண். டிப்பரில் கொட்டுவது கடைசிப் பாடம். அனுபவமுள்ள ஒருவர் தள்ளி நின்று பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

டிராக்டர் ஓட்ட 18 வயது நிறைந்து, உரிய லைசென்ஸ் இருக்க வேண்டும். முறையாகப் பயிற்சி எடுக்க விரும்புவோர் மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆண்டுக்கு ஓரிரு நாள் வேலைதான் என்றால், அந்தத் துறை வாடகைக்கு விடும் எந்திரங்களை எடுப்பது லோடர் வாங்குவதைவிடச் சிக்கனமாகவும் இருக்கலாம்.

வேலை முடிந்து இறங்கும்போது பக்கெட் தரையில், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் அணைத்து, சாவி கையில். லிவரை ஒருமுறை அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தையும் விட்டுவிட வேண்டும். சாவி டிராக்டரிலேயே இருந்தால், விளையாட வரும் பிள்ளை கை வைக்கும் முதல் இடம் அந்த லிவராகத்தான் இருக்கும்.